அவள் குரலில் அவர்கள் பேசியது

விருது கொடுப்பவர்கள் ஒரு மடிப்புத்தாள் அச்சடித்திருக்கிறார்கள். வழவழப்பான தாள். உள்பக்கத்தில் 'தோற்றமும் நோக்கமும்' என்று தலைப்பு. வெள்ளம் சூழ்ந்த ஒரு காலையில் எங்கள் சமுதாய வானொலி நிலையம் 'நிர்வாகத்தின் தொலைநோக்கான வழிகாட்டுதலில்' மக்களைக் காத்தது என்றும், அந்தச் சேவையைப் போற்றும் வகையில் ஒலிபரப்பில் சிறந்து விளங்குபவர்களுக்கு ஆண்டுதோறும் இந்த விருது வழங்கப்படுகிறது என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்தக் காலையில் நான் அந்த நிலையத்தில் இருந்தேன். ஒலிபரப்பு அறையில் இரண்டே பேர்தான் இருந்தோம். நிர்வாகம் தொலைபேசியில்தான் இருந்தது. அதுவும் 'வேண்டாம்' என்று சொல்வதற்காக.

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. பாதியில் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தாய்மாமனுக்கு மைக் செட் கடை. மாதா கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அவர் செட் போகும்போது நானும் கூடப் போவேன். ஒரு குரல் எங்கே கிறீச்சிடும், எங்கே அமுங்கும் என்று காதுக்குப் பழகியது அங்கேதான். பிற்பாடு முறையாக ஒலிப்பதிவு படித்தேன். திருவொற்றியூரில் ஒரு அறக்கட்டளை தன் கல்லூரி மாடியில் வானொலி தொடங்கியபோது ஒலிப்பதிவுக்கு ஆள் தேடினார்கள், சேர்ந்துகொண்டேன். சின்ன நிலையம். எண்ணூர், மணலி, சடையங்குப்பம் வரை கேட்கும். மாதவரம் தாண்டினால் இரைச்சல்தான்.

அந்தக் காலையில் என்னோடு அறையில் இருந்தவள் அவள்; எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். திருவொற்றியூரில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். என்னைவிட இளையவள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள். நாங்கள் மீனவப் பெண்களைப் பேட்டி எடுக்கப் போனபோது, பேட்டி எடுக்க வந்த கல்லூரிப் பெண்ணையே உட்காரவைத்து இவள் கேள்வி கேட்டாள். 'உன் அம்மா உன்ன இன்னா சொல்லி இங்க அனுப்புச்சு?' என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் போனது. அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் காலை நிகழ்ச்சியை அவளிடம் கொடுத்தார்கள். அதைக் கொடுத்தவர் அப்போதைய இயக்குநர். நல்ல மனிதர். உடம்பு முடியாமல் விலகிவிட்டார். அவருக்குப் பின்னால் விளம்பரக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். இந்தக் கதையில் இனி 'இயக்குநர்' என்றால் இவர்தான்.

அவள் நிகழ்ச்சியில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கடல் எப்படி இருக்கிறது, எந்த ரோட்டில் டிரெய்லர் லாரி மறித்துக்கொண்டு நிற்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் லாரி வரும், நடுநடுவே பாட்டு. ஆனால் அவள் எங்கள் பேச்சில் பேசுவாள். சினிமாவில் ரவுடிக்கும் சிரிப்பு நடிகருக்கும் மட்டும் கொடுப்பார்களே, அந்தப் பேச்சில். அதை ரேடியோவில் ஒரு பெண் அமைதியாக, அக்கறையாக, பக்கத்து வீட்டில் குழம்பு வாங்குகிறவள் மாதிரிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஹெட்போனில் அவள் குரல் வந்தால் எனக்கு என் வீட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும்.

இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. 'கொஞ்சம் தரமாப் பேசலாமே' என்பார். அவள் 'சரி சார்' என்பாள். மறுநாளும் அப்படியே பேசுவாள்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. அன்று காலை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது சடையங்குப்பத்திலிருந்து போன் வந்தது. அங்கே மாடு வைத்திருக்கும் ஒருவர். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, வழக்கமாக ஏறுகிற மாதிரி இல்லை, கொட்டகைக்குள் வந்துவிட்டது என்றார். அடுத்து இன்னொரு போன். பிறகு போன் ஓயவில்லை. மேலே ஏரிகள் நிரம்பி உபரி நீர் வருகிறது என்று எங்களுக்குப் புரிந்தது. அரசாங்க அறிவிப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

நான் இயக்குநருக்குப் போன் செய்தேன். அவர் அண்ணா நகரில் தன் வீட்டில் இருந்தார்.

"அறிவிப்பு வந்ததா?" என்றார்.

"இல்ல சார். ஆனா ஜனங்க போன் பண்ணிட்டே இருக்காங்க."

"அறிவிப்பு வராம ஒரு வார்த்தை போகக் கூடாது. வதந்தி பரப்பினோம்னு லைசென்ஸ் போயிடும். பாட்டு போடுங்க."

ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அவளும் கேட்டாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

"யக்கா, மைக்க தெற."

திறந்தேன். அவள் பேசியது இது. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"சடையங்குப்பம் ஜனங்களே, கேட்டுகினு கீறீங்களா? ஆத்துல தண்ணி ஏறிகினு வருது. உங்க ஊருக்காரங்களே போன் போட்டு சொல்றாங்க. கொயந்தைங்கள இஸ்துகினு ஸ்கூல் மாடிக்கு போய்டுங்க. வயசானவங்கள முன்னாடி அனுப்புங்க. ரேஷன் கார்டு, ஆதாரு, மாத்திர, அவ்ளோதான். டிவிய தூக்கினு நிக்காதீங்க. மாட்ட அவுத்து வுட்ருங்க, அது நீந்திக்கும். ஆபீஸ்லேர்ந்து மைக் கட்டிகினு வருவாங்கன்னு குந்திகினு இருக்காதீங்க. அவங்க வர்றதுக்குள்ள தண்ணி வந்துடும்."

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜனங்கள் கிளம்பினார்கள். பள்ளிக்கூட மாடியிலும் மேட்டு ரோட்டிலும் ஏறினார்கள். அறிவிப்பு மதியத்துக்கு மேல் வந்தது. அப்போது சடையங்குப்பத்தில் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

தண்ணீர் வடிந்ததும் நிலையத்துக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு அம்மா உயிரோடு இரண்டு நண்டைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இயக்குநரும் வந்தார். அவர் கையில் மெமோ இருந்தது. அனுமதியின்றி ஒலிபரப்பியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதித்தர வேண்டும்.

அவள் எழுதமாட்டேன் என்றாள். சண்டை போடவில்லை. "நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு சார், எய்தித் தரேன்" என்றாள். அவர் மெமோவை மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஜனங்கள் காப்பாற்றப்பட்ட பிறகு அதைத் தப்பு என்று தாளில் எழுத அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். அதனால் கொஞ்ச நாள் கழித்து வேறு காரணம் எழுதி அனுப்பினார்கள். 'தங்கள் மொழியும் உச்சரிப்பும் ஒலிபரப்புத் தரத்துக்கு ஏற்றதாக இல்லாததால்' அவள் நிகழ்ச்சி நிறுத்தப்படுகிறது.

எனக்கு அந்த வாக்கியத்தைப் படித்தபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் போகிறேன் என்றேன். அவள்தான் தடுத்தாள். "நீயும் போய்ட்டா நம்ம ஆளுங்க வந்து பேசறப்ப மைக்க யாரு புடிப்பா? குந்து." இருந்தேன். அவள் மறுபடி மீன் கூடையைத் தூக்கினாள். கடல் அரித்து அவர்கள் வீடிருந்த வரிசை போனபின் வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தாள்.

வருஷங்கள் போயின. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அறக்கட்டளைத் தலைவருக்கு விருது யோசனை வந்தது. இறந்துபோன அவர் அப்பா பெயரில் ஒலிபரப்புச் சிறப்பு விருது. எதற்காக என்று கேட்பார்களே, அதற்கு ஒரு கதை வேண்டும். வெள்ளத்தன்று நடந்ததை எடுத்துக்கொண்டார்கள். செலவை ஏற்றுக்கொள்ள ஒரு கம்பெனி வந்தது. எங்கள் பக்கம் ஆற்றங்கரைச் சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கி மதில் எழுப்பிய கம்பெனி. தண்ணீர் போகிற வழியை அடைத்தவர்கள், தண்ணீரிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றியதற்கு விருது கொடுக்கிறார்கள். இதை இயக்குநரிடம் சொன்னேன். "நீங்க எல்லாத்தையும் நெகட்டிவா பாக்கறீங்க மேடம்" என்றார்.

பிறகு அவள் அன்று பேசிய ஒலிப்பதிவைத் தரச் சொன்னார். விழா தொடக்கத்தில், இருட்டான அரங்கத்தில், அந்தக் குரலைப் போட வேண்டுமாம். 'எமோஷனலா இருக்கும்.'

"போடுங்க. அவளக் கூப்பிட்டு மேடையில உக்கார வைங்க" என்றேன்.

"அவங்கள... பாக்கலாம். முதல்ல கிளிப்பைச் சரி பண்ணுங்க. அந்த ஆபீஸ், குந்திகினு, அதெல்லாம் எடுத்துடுங்க. மேடையில அதிகாரிங்க இருப்பாங்க."

"எடுக்கமாட்டேன் சார்."

"ரெண்டு வரிதானே?"

"அந்த ரெண்டு வரிக்காகத்தான் அவள வெளிய அனுப்புனீங்க. இப்ப அத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வச்சுக்கிறீங்களா?"

அவர் சிரித்தார். எனக்கு இன்றுவரை பிடிக்காத சிரிப்பு. சில நாட்களில் 'கிளிப்பை வெளியில கொடுத்து முடிச்சாச்சு' என்றார். அந்த இரண்டு வரியை வெட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "அவ்ளோ பெரிய ஹால்ல என் கொரலு எப்டி கேக்கும்க்கா?" என்றாள். வெட்டியதைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நான் வரேன். பின்னாடி குந்திகினு கேட்டுட்டு வந்துடறேன்."

விழாவுக்கு அழைப்பு இல்லாவிட்டாலும் என் கூட வந்தாள். பச்சைப் பட்டுப்புடவை, தங்கை கல்யாணத்துக்கு எடுத்தது. பூ வைத்திருந்தாள். அரங்கத்தின் பின்வரிசைகளில் சடையங்குப்பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் வேன் வைத்து அவர்களை அழைத்து வந்திருந்தார். வெள்ளத்தில் பிழைத்தவர்கள் என்று காட்டுவதற்கு. அவர்களுக்கு இவளைத் தெரியும். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "இன்னிக்கி உனக்குத்தான மெடலு?" என்று ஒரு அம்மா கேட்டாள். "எனக்கு இன்னாத்துக்கு? வந்து குந்து" என்றாள் இவள்.

விளக்குகள் அணைந்தன. மேடைத் திரையில் வெள்ளத்தின் படம். அவள் குரல் வந்தது.

"சடையங்குப்பம் மக்களே, கவனியுங்கள். ஆற்றில் நீர்வரத்து அதிகரித்து வருகிறது. அதிகாரிகளின் அறிவுரைப்படி, குழந்தைகளுடனும் முதியோருடனும் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுங்கள். பதற்றம் வேண்டாம். உங்களுக்காக நிர்வாகம் விழித்திருக்கிறது."

அவள் குரல். 'ச' சொல்லும்போது லேசாகக் காற்று கலக்கும், அது இருந்தது. வாக்கியம் முடியும்போது குரல் சற்றுக் கீழே இறங்கும், அதுவும் இருந்தது. ஆனால் அவள் ஒருநாளும் பேசாத பேச்சு. பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, அவள் குரலிலேயே வேறு வசனத்தைப் பேச வைத்திருந்தார்கள். ஒலிப்பதிவு என் தொழில் என்பதால் இரண்டாவது வார்த்தையிலேயே புரிந்துவிட்டது. வெட்டியிருந்தால்கூட அது திருட்டு மட்டும்தான். இதற்கு என்ன பெயர் வைப்பது?

அவள் கையைத் தொண்டைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நான் எப்போ இப்டி பேசுனேன்?"

"நீ பேசல. மிஷின் பேசுது."

"என் கொரலு கீதே."

"உன் கொரல எடுத்து மிஷின்ல போட்டு பேச வச்சிருக்காங்க."

முன்வரிசைகளில் கைதட்டினார்கள். விளக்குகள் எரிந்தன. விழாத் தொகுப்பாளர், 'இதுதான் நிலையத்தின் குரல்' என்றார்; அவள் பெயரைச் சொல்லவில்லை. விருது ஒரு தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளருக்கு. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. 'அந்தக் குரலைக் கேட்டு மெய்சிலிர்த்தேன். எவ்வளவு அழகான தமிழ்' என்று அவர் சொன்னார். அப்போதுதான் எனக்கு முன்னால் இருந்த அம்மா எழுந்தாள், முதலில் மெடலைப் பற்றிக் கேட்டவள். கத்தவில்லை. சந்தையில் விலை கேட்கிற குரல்தான். ஆனால் அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

"அய்யா, அது எங்க பொண்ணு பேசுனது இல்ல. அதிகாரி யாரும் எங்களுக்கு ஒண்ணும் சொல்லல. யாரும் வரமாட்டாங்க, நீங்களே ஏறிப் போங்கன்னு இதுதான் சொன்னது. தோ, இங்க குந்திகினு கீது."

மொத்த அரங்கமும் திரும்பியது. இவள் தலையைக் குனிந்துகொண்டாள். தொகுப்பாளர், "உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, உக்காருங்கம்மா" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த இருவரும் எழுந்தார்கள். மேடையில் ஒரு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ இசையைச் சத்தமாக வைத்தார்கள். இசை முடிந்தபோது பரிசு கொடுத்து, புகைப்படம் எடுத்து, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள்.

இயக்குநர் எங்களிடம் விரைந்து வந்தார். என்னைத்தான் முதலில் முறைத்தார். அவள் முன்னால் நகர்ந்து நின்றாள்.

"சார், என் கொரல எடுத்துகினீங்க. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உனக்குப் பெருமைதானேம்மா? உன்னைவிட அழகா பேச வச்சிருக்கோம்."

அவள் கையை ஓங்கியிருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அவள் அப்படிச் செய்யவில்லை. "எங்க அம்மா எனக்கு பேச கத்துக் குட்த்தது சார் அது" என்றாள். "நீங்க அழகு பண்ண வேணாம்." சொல்லிவிட்டு நடந்தாள். சாப்பிடவில்லை. சடையங்குப்பத்துப் பெண்களும் சாப்பிடாமல் வேனில் ஏறிவிட்டார்கள்.

அன்றோடு நானும் வேலையை விட்டேன். கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். உண்மையான பதிவு, வெட்டாமல் ஒட்டாமல் அன்று காற்றில் போனபடியே, என் கணினியில் இருந்தது. அதை அரங்கத்தில் எழுந்து பேசிய அம்மாவின் மகள் போனுக்கு அனுப்பினேன். ஒரே நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. மணலி லாரிக்காரர்கள் கேட்டார்கள். என் ராயபுரத்து அத்தை எனக்கே அனுப்பி, 'இந்தப் பொண்ணு யாருடி, நம்ம மாதிரியே பேசுது' என்று கேட்டாள்.

அறக்கட்டளையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த ஒலிப்பதிவு அவர்கள் சொத்தாம். அனுமதியின்றிப் பரப்பியது குற்றமாம். குரல் யார் சொத்து என்று பதில் கேட்டு அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. மேற்கொண்டு வழக்கும் போடவில்லை. போட்டால் உண்மைப் பதிவை நீதிமன்றத்தில் போட்டுக்காட்ட வேண்டியிருக்கும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

விருது நிற்கவில்லை. இரண்டாவது வருஷமும் கொடுத்தார்கள். குரலை மட்டும் போடவில்லையாம். மடிப்புத்தாளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதைப் படிக்கிற பிள்ளைகள், நாளை மைக் பிடிக்கப் போகிறவர்கள், ஒலிபரப்பில் சிறப்பு என்றால் மேலிடத்து வார்த்தைக்குக் காத்திருந்து அதை அழகாகச் சொல்வது என்று நம்புவார்கள். இந்த நினைப்புதான் எனக்கு ஆறவில்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. டாக்டர் கோபத்தைக் குறைக்கச் சொல்கிறார். முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் மாமன் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். போன மழைக்காலத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம் அவளைப் பார்க்க வியாசர்பாடி போனேன். மூன்றாவது மாடி வராண்டாவில் போனை வாய்க்கு அருகே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சடையங்குப்பத்துப் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் நிலவரம் சொல்ல இவளைத்தான் கேட்கிறார்கள். ஆற்றங்கரையில் இருக்கிறவர்கள் இவளுக்குச் சொல்வார்கள், இவள் எல்லாருக்கும் சொல்வாள். கீழே பசங்கள் மழையில் பந்து உதைத்துக்கொண்டிருந்த சத்தம் பதிவில் விழுந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

"கொஞ்சம் உள்ள போய்ப் பேசேன், இரைச்சலா இருக்கு" என்றேன். தொழில் புத்தி.

"இருக்கட்டும்க்கா. மிஷின் இல்ல, நான்தான் பேசறேன்னு அதுங்களுக்கு தெரியணும்ல?" என்றாள். பிறகு பொத்தானை மறுபடி அழுத்தி, ஆற்றில் தண்ணீர் இப்போதைக்கு ஏறவில்லை, ஆனாலும் மாத்திரையையும் கார்டையும் ஒரே பையில் போட்டுக் கதவோரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினாள்.